நெல்லுச்சோறு – 11: மூன்றாவது இலை

பின்கட்டுச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த இடம் இருந்தது. இருமல் மருந்துப் புட்டி ஒன்று நிற்கிற அளவு. ஆனி மாதத்திலிருந்து தினமும் காலையில் அங்கே ஒரு புட்டி வந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கன்னியம்மா வைப்பாள். இந்தப் பக்கத்திலிருந்து தங்கம் எடுப்பாள்.

ஆடி அமாவாசை அன்று புட்டி வர நேரமாகிவிட்டது.

“எங்க போயிட்ட?” என்றாள் தங்கம், குரலைத் தாழ்த்தி.

“இன்னாம்மா பண்றது? நேத்து அம்மன் கோயில்ல ஊத்துன கூழு மீந்துபோச்சு. இன்னிக்கு வேலை ஜாஸ்தியாச்சேன்னு ரெண்டு சொம்பு கரைச்சுக் குடிச்சிட்டு வந்தேன். தெனம் வெறும் வயித்தோட ஓடியாறேன், ஒரு நாளாச்சும் தின்னுட்டு வரக்கூடாதா?”

“மெதுவாப் பேசு.”

“இன்னா மெதுவா? என் ஒண்ணுக்குக்குக் கீற மருவாதி எனக்கு இல்ல. அது முன்வாசல் வரைக்கும் போவுது. நான் கொல்லப்பக்கம் நின்னுகினு கீறேன்.”

தங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு புட்டியை எடுத்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. இரவெல்லாம் தண்ணீர் குடித்தும் அப்படித்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் கடையின் சமையல் கொட்டகை. உஸ்மான் ரோட்டில் தங்கத்தின் புருஷன் மாணிக்கவாசகத்தின் ஜவுளிக்கடை, பின்னால் கொட்டகை, அதற்கும் பின்னால் வீடு. கோவில்பட்டிப் பக்கத்துப் பையன்கள்தான் கடையில் எல்லாரும். மாடியில் படுப்பார்கள். கொட்டகையில் சாப்பிடுவார்கள். கன்னியம்மா வடிக்கிற சோற்றைத் தன் கையால் பரிமாறினால்தான் தங்கத்துக்குத் திருப்தி. பையன்கள் எழுந்த பிறகு அவளும் ஒரு தட்டு போட்டுக்கொள்வாள். வெள்ளைச் சோறு. நடுவில் குழி. குழியில் குழம்பு.

தங்கத்துக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் அந்தத் தட்டுக்குத்தான் முதலில் ஆபத்து வந்தது. மாத்திரை கொடுத்தார், சோற்றைக் குறைக்கச் சொன்னார். அதே வாரம் மாணிக்கவாசகம் மயிலாப்பூரில் ஒரு சொற்பொழிவுக்குப் போனார். ஓய்வு பெற்ற ரசாயனப் பேராசிரியர் சுப்பராமன் பேசினார். அவரவர் பாட்டனும் பூட்டனும் எதைத் தின்று வெயிலில் நின்றார்களோ, அதைத் தின்னுங்கள்; வியாதி வந்த வழியே போய்விடும் என்றார். மாணிக்கவாசகம் திரும்பும்போது வண்டியில் ஒரு மூட்டை கம்பு இருந்தது.

அதன் பிறகு வீட்டில் அரிசி ஏறவில்லை. காலையில் கம்பங்கூழ். மத்தியானம் கம்பஞ்சோறு. ராத்திரி கம்பு தோசை. மருமகள் சண்முகவடிவு கல்லூரியில் மனையியல் படித்தவள். மாமியாரின் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று தினமும் பார்க்கிற வேலையை அவளிடம் கொடுத்தார். முதல் நாள் சோதனைக் குழாயின் நிறம் மாறியதைப் பார்த்துவிட்டு, “இனிமே கொட்டகைப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது” என்றார் மனைவியிடம்.

மறுநாள்தான் தங்கம் சுவரில் பெயர்ந்திருந்த செங்கல்லைக் கவனித்தாள்.

அன்றிலிருந்து குழாய் நீலமாகவே இருந்தது. மாணிக்கவாசகம் சந்தோஷத்தில் மாத்திரைகளை எடுத்து அலமாரியில் பூட்டினார். மனைவி மறுபடி கொட்டகைக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. தட்டும் திரும்பி வந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் மறுபடி கூட்டம். இந்த முறை மாணிக்கவாசகமும் பேசுகிறார். தங்கத்தை மேடையில் ஏற்றிக் காட்டப்போகிறார்.

*

வடிவு குழாயில் நீல மருந்தை ஊற்றினாள். புட்டியிலிருந்து சில சொட்டுகள் விட்டாள். ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். புருஷன் துணி எடுக்க சூரத்துக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. இந்த வேலையாவது இருக்கிறதே என்று அக்கறையாகச் செய்துவந்தாள்.

நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். பிறகு மஞ்சள், ஆரஞ்சு. கடைசியில் செங்கல்.

குழாயில் நீலம் கலங்கியது. பச்சையானது. பச்சையில் நிற்கவில்லை.

“ஆரஞ்சு, மாமா,” என்றாள் வடிவு.

மாணிக்கவாசகம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“நேத்து என்னத்தத் தின்ன?”

“நீங்க போட்டதத்தான்.”

“கம்புக்கு இந்த நிறம் வராது.”

“வரும் மாமா,” என்றாள் வடிவு. “கம்பும் மாவுதான். எவ்வளவு சாப்பிடறோம்னு ஒண்ணு இருக்கு.”

“நீ சும்மா இரு தாயி. உங்க காலேஜ்ல ஒரு வருசம் கோதுமை தின்னும்பாக. ஒரு வருசம் கேப்பை. நல்லெண்ணெய் நெஞ்சுக்கு ஆகாதுன்னு பத்திரிகையில போட்டான். வனஸ்பதிக்கு மாறுனோம். இப்ப வனஸ்பதிதான் எமன்னு போடுதான். நம்ம அய்யா ஆத்தா யாரக் கேட்டுத் தின்னாக?”

வடிவு விளக்கை அணைத்தாள். அவள் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கம் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தன்னுடையது அல்ல என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கன்னியம்மா கூழ் குடித்துவிட்டு வந்திருக்கிறாள், அதனால் இருக்கும் என்று நினைத்தாள். கூழ் குடித்தவர்களுக்கெல்லாம் ஆரஞ்சு வருமா? வடிவிடம் கேட்கலாம். எப்படிக் கேட்பது?

“படையலுக்கு என்ன ஊறப் போட்டிருக்க?” என்றார் மாணிக்கவாசகம்.

“பச்சரிசி. கடையில இருந்து வாங்கியாரச் சொன்னேன். வருசா வருசம் போடுறதுதான?”

“இந்த வருசம் கம்பஞ்சோறு வை.”

தங்கம் நிமிர்ந்தாள்.

“நெசமாத்தான் சொல்லுதேன். உங்க அம்மா இலைச் சோத்த நீதான சாப்பிடணும்? அரிசி வச்சா நீ அரிசி தின்னாகணும். இன்னைக்கே இந்த லெச்சணம். அதுவும் போக, எங்க அய்யா ஆத்தா கம்பு தின்னு வளந்தவுக. உங்க அம்மாவும் அப்படித்தான். அவுக தின்னத அவுகளுக்கு வைக்கிறதுதான மொறை? அரிசி வைக்கிறது நம்ம பவுசு.”

அவர் சொன்னதில் எங்கே பிசகு என்று அவளுக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. அதனாலேயே கோபம் வந்தது.

“தின்னாக. இல்லேங்கல. விரும்பியா தின்னாக?”

“பெறகு?”

“வேற இல்ல. தின்னாக.”

“ஒடம்பு இரும்பா இருந்துச்சுல்ல?”

“இரும்பா இருந்த எங்கம்மா முப்பது வயசுல போயிட்டா. வருசத்துல ஒரு நா வாராக. வந்தவுகளுக்கு இங்கயும் கம்பையே போடவா? அதுக்கு எதுக்கு மெட்ராசுக்கு வரணும்? அங்கனயே இருந்துக்கிடலாமே!”

வடிவு சிரிப்பை அடக்கக் குழாயைக் கழுவப் போனாள். மாணிக்கவாசகம் சிரிக்கவில்லை.

“வீம்புக்குப் பேசாத. கம்பு வை,” என்றார்.

*

அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட போது தங்கத்துக்கு விவரம் தெரிகிற வயது. மூன்று நாளாய் வாயில் எதுவும் இறங்கவில்லை. நெல்லுச்சோறு ஒரு வாய் கிடைத்தால் தின்னுவேன் என்றாள் அம்மா. அந்தத் தெருவில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். கிராம முன்சீப் வீட்டில் கேட்டு வாங்கி, ஒரு சிரட்டையில் கொண்டுவந்தாள் தங்கம்.

அம்மா சிரட்டையைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள்.

“நீ தின்னுட்டி,” என்றாள்.

தங்கம் தின்றாள். மெல்லக்கூட இல்லை. முழுவதும் தின்றுவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கல்யாணமாகி வந்த முதல் ஆடி அமாவாசையில் மாணிக்கவாசகம் தன் அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும் இரண்டு இலை போட்டார். பிறகு அவர்தான், “உங்க அம்மாவுக்கு வேற யாரு இருக்கா? அவுகளுக்கும் ஒண்ணு போடு” என்றார். அந்தச் சிரட்டையைப் பற்றி அவள் சொன்னதில்லை. அவர் கேட்டதுமில்லை. அன்றிலிருந்து மூன்று இலை. மூன்றாவது இலையில் தங்கம் சோற்றைக் கோபுரமாகக் குவிப்பாள். படைத்த பிறகு அந்த இலையில் அவளே உட்கார்ந்து சாப்பிடுவாள். பெற்றவள் இலையைப் பிள்ளை சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இலையில் மிச்சம் வைக்கக் கூடாது என்பதும்.

*

பத்து மணி வாக்கில் சுப்பராமன் வந்தார். கையில் குடை, ஞாயிற்றுக்கிழமை நோட்டீஸ் கட்டு. மாணிக்கவாசகம் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“காபி, கீபி ஒண்ணும் வேண்டாம்மா,” என்றார் சுப்பராமன். “இன்னிக்குத் தர்ப்பணம். ஆத்துக்குப் போய்த்தான் சாப்பாடு. நோட்டீஸைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். நீங்கதான் அன்னிக்கு விசேஷம். எல்லாரும் உங்களைத்தான் பாக்கப் போறா.”

தங்கம் கதவோரம் நின்றாள். பெரிய மனிதர்களிடம் அவள் கேள்வி கேட்கிறவள் அல்ல. அன்று கேட்டாள்.

“உங்க வீட்டுல இன்னைக்கு என்ன சமையல் அய்யா?”

“அமாவாசை சமையல்தான். பச்சரிசிச் சாதம், பயத்தம்பருப்பு, வாழைக்காய், பாயசம். வெங்காயம் கூடாது.”

“கம்பு?”

“தர்ப்பணத்தன்னிக்குக் கம்பா!” சுப்பராமன் சிரித்தார். “பித்ருக்களுக்குப் போய் யாராவது…”

பாதியில் நிறுத்தினார். தங்கத்தின் முகத்தையும் மாணிக்கவாசகத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவர் பார்வை வடிவிடம் போனது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வகுப்பில் தப்பாகப் போட்ட சமன்பாட்டைப் பையன் ஒருவன் சுட்டிக்காட்டியது போல இருந்தது அவர் முகம்.

“எங்க தாத்தா காவேரிக்கரை,” என்றார் மெதுவாக. “அரிசி, நெய், தயிர். அவர் தின்னதை நானும் திங்கறேன். எனக்கு அது கஷ்டமா இல்லை, மாணிக்கவாசகம். நான் எதையும் விட வேண்டியிருக்கலை. உங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிக்காமலே பேசியிருக்கேன்.”

“அப்படியெல்லாம் இல்ல சார்,” என்றார் மாணிக்கவாசகம்.

“தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்ததா சார்?” என்றாள் வடிவு.

சுப்பராமன் குடையின் பிடியைத் தடவினார்.

“கால்ல ஒரு புண் இருந்துது. ஆறவே இல்லை. அதுலேயேதான் போனார். அப்போ அதுக்கு யாரும் பேர் சொல்லலை.”

நோட்டீஸ் கட்டை மேஜையில் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

“மாத்திரையை நிறுத்தச் சொல்லி நான் சொல்லலையே? நிறுத்தலையே?”

மாணிக்கவாசகம் நோட்டீஸ் கட்டை நேராக்கி வைத்தார். சுப்பராமன் குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

வெகுநேரம் கழித்து மாணிக்கவாசகம் அடுக்களைப் பக்கம் வந்தார். உள்ளே வரவில்லை.

“அரிசியே வை,” என்றார்.

*

மூன்று இலையிலும் ஆவி பறந்தது. காக்கைக்கு வைத்ததும் உடனே வந்து எடுத்துக்கொண்டது. மாணிக்கவாசகம் சூடம் காட்டினார். தங்கம் மூன்றாவது இலைக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

பின்வாசலில் சொம்பு உருளும் சத்தம் கேட்டது. கன்னியம்மா படையல் சோறு வாங்க வந்திருந்தாள். பானைப் பக்கம் நின்று தண்ணீர் குடித்தாள். மறுபடி மொண்டு குடித்தாள். மூன்றாவது சொம்பை அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

“இன்னா வெயிலு! குடிக்கக் குடிக்க நாக்கு வறளுதும்மா.”

“எத்தன நாளா?” என்றாள் தங்கம்.

“இன்னாது?”

“இந்தத் தாகம்.”

“அது கெடக்குது. நைட்ல நாலு வாட்டி எய்ந்து ஓடறேன். வயசாவுதுல்ல?”

தங்கம் அவளைப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த தாகம்.

ஆரஞ்சு நிறக் குழாய் காலையிலிருந்து மனதில் ஓரமாக நின்றது. இப்போது அது நகர மறுத்தது. இவளுக்கும் சர்க்கரையா என்று வடிவிடம் கேட்க வேண்டுமானால் புட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புட்டியைப் பற்றிச் சொன்னால் கொட்டகை போகும். தட்டு போகும். சொல்லாவிட்டால் இவள் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பாள்.

இலையில் சோறு குவிந்திருந்தது.

“வடிவு,” என்றாள். “ஸ்பிரிட்டு வெளக்கப் பத்த வை.”

பித்தளைத் தம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குளியலறைக்குப் போனாள். திரும்பி வந்து அதை வடிவிடம் கொடுத்தாள். வடிவு ஒன்றும் கேட்கவில்லை.

குழாய் கொதித்தது. பச்சையும் மஞ்சளும் வந்த வேகத்தில் போயின. அடியில் செங்கல் தூளைப் போட்டது போல் படிந்தது.

மாணிக்கவாசகம் எட்டிப் பார்த்தார்.

“காலைல ஆரஞ்சு. இப்ப இது எப்படி?”

“இது என்னோடது,” என்றாள் தங்கம். “காலைல உள்ளது இவளோடது. இத்தன நாளும் இவளோடது. நான் தெனமும் கொட்டகையில சோறு தின்னேன்.”

கன்னியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“நான் அப்பவே சொன்னேன், மொதலாளிக்குத் தெரிஞ்சா தோலை உரிப்பாருன்னு.”

“அத விடு. ஒனக்கும் சர்க்கரை இருக்கும்போல இருக்குட்டி.”

“எனக்கா?” கன்னியம்மா சிரித்தாள். “அது பணக்காரங்க நோவும்மா. சும்மா ஒக்காந்துகினு தின்றவங்களுக்கு வரது. நான் பொறந்ததுலேர்ந்து கேவுரு கூழு குடிச்சுகினு கீறேன். எனக்கு எப்டி வரும்?”

அந்தக் கேள்வி மாணிக்கவாசகத்தைப் பார்த்துக் கேட்கப்படவில்லை. ஆனாலும் அவர்தான் தலை குனிந்தார்.

“தினமும் வெறும் வயித்துல குடுத்தீங்க, அதனால தெரியலை,” என்றாள் வடிவு. “இன்னிக்குக் கூழ் குடிச்சிட்டுக் குடுத்தீங்க, தெரிஞ்சிடுச்சு. ஒரு தடவை பார்த்ததை வெச்சு முடிவு சொல்ல முடியாது. அத்தையோட நாளைக்கு டாக்டர்கிட்ட வாங்க.”

கன்னியம்மாவின் சிரிப்பு நின்றது.

“எங்க அக்கா சிந்தாதிரிப்பேட்டைல கீறா. கால் வெரல்ல புண்ணு. பெரியாஸ்பத்திரில முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. அவளுக்கும் இப்டித்தான், தண்ணியா குடிப்பா.” தன் காலைப் பார்த்துக்கொண்டாள். “அதுவும் இதானா?”

வடிவு குழாயை வைத்துவிட்டு எழுந்தாள். அதற்குள் கன்னியம்மா இறங்கிப் போய்விட்டாள். சோற்றுக்குக் கொண்டுவந்த தூக்குப் போணி படியிலேயே இருந்தது.

மாணிக்கவாசகம் அலமாரியைத் திறந்தார். மாத்திரைகளை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள் தங்கம். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள்.

“மேடையில ஏத்தி நிக்க வச்சிருப்பேனே ஒன்ன,” என்றார். “எல்லாரும் கை தட்டியிருப்பானுக.”

மாத்திரைகளை அவள் பக்கம் நகர்த்தினார்.

இலைகள் ஆறிக்கொண்டிருந்தன. தங்கம் மூன்றாவது இலையைப் பார்த்தாள். தொடவும் முடியாது, எடுத்துக் கொட்டவும் முடியாது.

மாணிக்கவாசகம் வேட்டியை மடித்துக்கொண்டு அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“உங்க இலை அங்கனல்லா இருக்கு?” என்றாள்.

“அதுவும் சாப்பிடுதேன். மருமகனும் பிள்ளைதான?”

கம்பு மூட்டை வந்த நாளிலிருந்து அவர் சோற்றைத் தொட்டதில்லை. குவியலின் நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றி, பிசைந்து ஒரு வாய் தின்றார். கண்ணை மூடினார். கம்பைப் பற்றி அவர் பேசியதெல்லாம் அந்த ஒரு வாயில் ஆட்டம் கண்டதை அவள் பார்த்தாள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

“எவ்வளவு குடுக்கலாம் தாயி?” என்றார் வடிவிடம்.

“ஒரு கை. காய் நிறைய வெச்சுக்கட்டும். மாத்திரையும் போட்டுக்கணும்.”

அவர் ஒரு கை சோற்றை அள்ளி, இலையின் ஓரத்தைக் கிழித்து, அதில் வைத்து நீட்டினார்.

“நீ தின்னு,” என்றார்.

தங்கம் வாங்கிக்கொண்டாள். இந்த முறை மென்று தின்றாள். ஒவ்வொரு பருக்கையாக. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

*

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் கடைப் பையன்களின் குரல் கேட்டது.

“அம்மா! அடுப்பு பத்த வைக்கல. ராத்திரிக்கு அரிசி களையல. கன்னியம்மாக்கா எங்க?”

தங்கம் பின்கட்டுக்குப் போனாள். செங்கல் பெயர்ந்த இடத்தில் புட்டி நின்றது. காலையில் அவள் எடுத்ததல்ல, வேறொன்று. புதிதாகக் கழுவி, கவிழ்த்து வைத்திருந்தது. அதன் மேல் கொட்டகைச் சாவி.

சாவியைக் கையில் எடுத்தாள். அவள் அக்கா வீடு சிந்தாதிரிப்பேட்டையில் எந்தத் தெரு என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

“வடிவு,” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். “சேலைய மாத்து. என் செருப்ப எங்க வச்ச?”